கூழ்வற்றலோடு காய்ந்த கிட்டார்

மார்க்கெட்டிலிருந்து கத்தரிக்காய்ப் பையோடு வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே, மொட்டை மாடியில், யாரோ காக்காய் விரட்டுகிற சத்தம். எங்கள் வீட்டுக்காரர்தான். விடியற்காலையில் கூழ்வற்றல் பிழிந்து போட்டிருந்தேன். சொல்லாமலே காவலுக்கு உட்கார்ந்திருக்கிறாரே, இந்த மனுஷனுக்கு எப்போது பொறுப்பு வந்தது என்று அதிசயப்பட்டுக்கொண்டே படியேறினேன்.

பழைய வேட்டியில் வரிசை வரிசையாகக் கூழ்வற்றல். அதை ஒட்டி ஒரு நார்க்கட்டில். கட்டிலின் மேல், சித்திரை மாதத்து வெயிலில், மல்லாக்கப் படுத்திருந்தது லில்லியின் கிட்டார்.

இவர் தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு, கையில் ஒட்டடைக் கம்போடு பக்கத்தில் நின்றார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"வந்துட்டியா? பசை இன்னும் கொளகொளன்னு இருந்துச்சு. வீட்டுக்குள்ள வச்சா அது என்னைக்குக் காய? அதான் மேல கொண்டாந்தேன். மத்தியான வெயில் ஆகாது, எனக்குத் தெரியும். இது காலை வெயில்தான். பதமாக் காஞ்சிருக்கு, தட்டிப் பாரு" என்றார்.

நான் தட்டிப் பார்க்கவில்லை. கிட்டாரின் முன்பலகையில், கம்பிகளின் அடிமுனையைப் பிடித்து வைத்திருக்கும் கட்டைக்கு பிரிட்ஜ் என்று பெயர். முந்தின நாள் சாயங்காலம் நான் பார்த்துப் பார்த்து ஒட்டி வைத்த அந்தக் கட்டை, பசை இளகி ஒரு பக்கமாக நழுவியிருந்தது. அது போனால் போகட்டும். முன்பலகையின் இடது பக்கத்தில், மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு. விரல் நகம் உள்ளே போகிற அளவுக்குப் பலகை வாய் பிளந்து கிடந்தது.

கூழ்வற்றல் மட்டும் அருமையாகக் காய்ந்திருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

லில்லி கேட்டது

லில்லி யார் என்று சொல்லிவிடுகிறேன். நர்சிங் படித்த காலத்தில் ஹாஸ்டலில் என் அறைத்தோழி. மல்லாங்கிணற்றுக்காரி. ரயில்வேயில் வேலை பார்த்த அவள் அண்ணன் கல்கத்தாவிலிருந்து வாங்கி வந்து கொடுத்த கிட்டார் அது. அந்தக் காலத்து வேலை. முன்பலகை ஒட்டுப்பலகை இல்லை, ஒரே மரத்தில் அறுத்தது.

இடது கை விரல்களால் கம்பிகளை அழுத்துகிற ஒவ்வொரு பிடிக்கும் கார்டு என்று பெயர். லில்லிக்கு மூன்று கார்டு தெரியும். அந்த மூன்றை வைத்துக்கொண்டு கீர்த்தனை, தாலாட்டு, கல்யாண வாழ்த்து, தேர்தல் பாட்டு எல்லாவற்றையும் வாசித்துவிடுவாள். மூன்றுக்குள் அடங்காத பாட்டை அடித்து உட்கார வைப்பாள். ஊசி போடுவதிலும் அவள் அப்படித்தான். எந்த நரம்பும் அவளிடம் தப்பிக்காது.

போன வருஷம் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. கால் ஓரளவு தேறிவிட்டது. இடது கை தேறவில்லை. விரல்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார்கள். நான் பார்க்கப் போனபோது அந்தப் பந்து தெருநாயின் வாயில் இருந்தது.

"இந்தப் பந்த எம்புட்டுப் பேர்ட்டக் குடுத்து அமுக்குங்க அமுக்குங்கன்னு சொல்லியிருப்பேன். ஒருத்தராச்சும் என்னையத் திட்டலையே, நல்லவுக" என்றாள். பிறகு பீரோவின் மேலிருந்த கிட்டாரைக் காட்டினாள். "அத எடுடி."

எடுத்தேன். பிரிட்ஜ் பெயர்ந்து எழும்பி, கம்பிகள் கிட்டாரின் கழுத்திலிருந்து வெகு உயரத்தில் நின்றன. நல்ல விரலே அழுத்தினால் வலிக்கும். அவள் விரலால் முடியவே முடியாது.

"இந்தக் கம்பியத் தாழ்த்திக் குடு. மோதிர விரல்தான் மக்கர் பண்ணுது. தாழ இருந்தா அமுக்கிருவேன். வர்ற அசனத்துக்கு ஒரு பாட்டு நான் வாசிக்கணும்."

அசனம் என்றால் எங்கள் கிறிஸ்தவ சபைகளில் வருஷத்துக்கு ஒரு தடவை ஊரே கோயில் வளாகத்தில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற பண்டிகை. அது முடிந்த கையோடு மகள் ஷீலா லில்லியைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. இனி அங்கேதான். மல்லாங்கிணற்று வீட்டைப் பூட்டப் போகிறார்கள்.

"அடுத்த வருஷம் வந்து வாசியேன். ஒடம்பும் தேறிரும்ல" என்றேன்.

"போன அசனத்துக்கு என்னையச் சேர்ல வச்சு முன்னால தள்ளிட்டுப் போயி, எல்லாரும் கண்ண மூடி எனக்காக ஜெபம் பண்ணாக. நான் மட்டும் கண்ணத் தொறந்து கறி கொதிக்கிறதப் பாத்துக்கிட்டிருந்தேன். நோயாளியா இந்த ஊர விட்டுப் போகமாட்டேன்டி. ஒரு பாட்டு வாசிச்சுட்டுப் போறேன். அம்புட்டுத்தான்."

அந்த ஒரு பாட்டுத்தான் எங்கள் மாடியில் வாய் பிளந்து கிடந்தது.

இந்த வயதில் இது எதற்கு?

இந்தத் தொடரைப் படிக்கிற வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: ரிட்டயர் ஆன நர்ஸுக்குப் பழைய கிட்டார்களை வாங்கி ரிப்பேர் செய்கிற ஆசை எப்படி வந்தது? நியாயமான கேள்வி. என் மகன் இதையே வேறு தொனியில் கேட்டான்.

எல்லாம் பக்கத்து வீட்டுச் செல்வியால் வந்தது. இருக்கன்குடிக்குப் பொங்கல் வைக்கப் போனவள், திரும்பும் வழியில் சாத்தூரில் ஒரு பழைய இரும்புக் கடையில் பித்தளைக் குடத்துக்கு விலை கேட்டிருக்கிறாள். "அங்கன வீணை மாதிரி ஒண்ணு கெடக்குக்கா. நீங்க கோயில்ல பாடுறவுகதானே, போய்ப் பாருங்க" என்றாள். போனேன். வீணை இல்லை, கிட்டார். உள்ளே கோழி முட்டை வைத்திருந்த தடயம். முதுகில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டையை மைதாப் பசை தடவி, ஒரு சரவெடி லேபிளை ஒட்டி அடைத்திருந்தார்கள். லேபிளில் ஒரு கிளி. சும்மா சொல்லக் கூடாது, அச்சு மட்டும் நிறம் மங்கவே இல்லை. எங்கள் விருதுநகர் மாவட்டத்தில் எது கெட்டாலும் லேபிள் கெடாது.

வாங்கி வந்துவிட்டேன். ஆழம் தெரியாமல் காலை விடுவதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம் உண்டு.

செல்போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தால், ஒவ்வொரு வெள்ளைக்காரரும் பெயர் தெரியாத கருவி ஒன்றை எடுத்து நீட்டினார். பார்த்துக்கொண்டே வந்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தனையும் என் வார்டில் இருந்தவை. கீறலுக்குள் பசை ஏற்ற இன்ஜெக்‌ஷன் சிரிஞ்சு. கிட்டாரின் வயிற்றுக்குள் பார்க்கப் பல் டாக்டர் கண்ணாடி. கை போகாத இடத்தில் பிடிக்க ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ். துடைக்கக் காஸ் துணி. ஆயுள் முழுக்க நான் கிட்டார் ரிப்பேர்தான் படித்திருக்கிறேன், யாரும் சொல்லவில்லை.

ஒட்டுவதற்கு மட்டும் தச்சர்கள் காய்ச்சுகிற வஜ்ஜிரம் வாங்கினேன். மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுக்கிற பசை. அதைச் சுடவைக்கும் நாளில் செல்வி ஜன்னலைச் சாத்திக்கொள்வாள். சூட்டில் இளகும், நிழலில் இறுகும். இறுகிவிட்டால் மரம்கூடப் பிய்யும், ஒட்டு பிய்யாது.

அப்படி ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, இப்போது கட்டிலுக்கடியில் கிட்டார், பீரோவில் பட்டுப்புடவைக்குப் பின்னால் கிட்டார். வாசிப்பேனா என்றால் வாசிப்பேன். கேட்பவர்கள் எழுந்து போகாத அளவுக்கு. எங்கள் வீட்டுக்காரர் எழுந்து போனதே இல்லை. அவருக்குக் காது கேட்காது.

காய்ந்தால்தான் பிழைப்பு

அவர் விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்தவர். வெடிமருந்து செலுத்துகிற ஷெட்டுகள் அவர் பொறுப்பு. புது வெடிகளை வெடித்துப் பார்க்கிற வேலையும் கூடவே. காது அப்படிப் போனதுதான். அருள்ராஜ் ஃபோர்மேன் என்றால் அந்தப் பக்கத்தில் இன்றைக்கும் தெரியும்.

மழை பெய்யாததால் பிழைத்த ஊர்கள் எங்களுடையவை. மற்ற மாவட்டத்துக்காரர்கள் வானத்தைப் பார்த்து மழைக்கு ஏங்குவார்கள். நாங்கள் ஒரு மேகம் கறுத்தால் கவலைப்படுவோம். பட்டாசு காய வேண்டும், தீக்குச்சி காய வேண்டும், அச்சடித்த காலண்டர் காய வேண்டும். சீசன் நேரத்தில் நாலு துளி விழுந்தால் போதும், காயப்போட்ட மேடையிலிருந்து சரக்கை அள்ளிக்கொண்டு எல்லாரும் ஓடுவார்கள். இவர் கல்யாண வீட்டுப் பந்தியில் பாதி இலையில் எழுந்து ஓடியிருக்கிறார். எங்கள் கல்யாணத்தில்தான்.

ஆகவே தப்பு என்னுடையதும்தான். அன்று காலையில் மார்க்கெட்டுக்குக் கிளம்பும்போது, "கிட்டார்ல கைய வச்சிராதீங்க, பசை காயணும்" என்று கத்திவிட்டுப் போனேன். வேறு ஊர் என்றால் அதற்கு 'அப்படியே விடு' என்று பொருள். எங்கள் பக்கத்தில் ஒரு பொருள் காயணும் என்று சொல்லிவிட்டால், அதைத் தூக்கிக்கொண்டு போய் வெயிலில் வைப்பது கேட்டவர் கடமை. முன்பாதி அவர் காதில் விழவில்லை. பின்பாதி விழுந்துவிட்டது.

இத்தனை வருஷத்தில் என் கிட்டார் எதையும் அவர் தொட்டதில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒத்தாசை செய்ய நினைத்திருக்கிறார். வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதை.

ஷெட்டை மூடியவர்

நான் சண்டை போடவில்லை. அவரிடம் சண்டை போடுவதென்றால் தெருவுக்கே கேட்கும்படி கத்த வேண்டும். பேசாமல் இருப்பது சுலபம். சோற்றைப் போட்டேன், குழம்பை ஊற்றினேன், தட்டை எடுத்தேன்.

அவருக்கு நடந்தது புரிய அந்த மத்தியானம் ஆனது. கீறலைத் தொட்டுப் பார்த்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். அப்புறம் போய்த் தன் சாய்வு நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார். சாயங்காலம் வழக்கமாகப் போகிற டீக்கடைக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. விபத்து நடந்த கம்பெனியில் வேலையை நிறுத்தி ஷெட்டைச் சாத்துவார்கள். இவர் தன்னையே சாத்திக்கொண்டார்.

எனக்கு முதலில் சிரிப்பாகத்தான் வந்தது. அப்புறம் சிரிக்க முடியவில்லை.

நான் வேலை பார்த்தது தீக்காய வார்டில். வெடி விபத்து என்று போன் வந்தால், கட்டிலைத் தயார் செய்துகொண்டே நான் கேட்கிற முதல் கேள்வி, எந்த ஊர், எந்த ஷெட் என்பதுதான். ஒவ்வொரு தடவையும் இல்லை, இவருடையது இல்லை என்று தெரிந்த பிறகு, யார் யாருடைய பெண்டாட்டிக்கோ, பிள்ளைக்கோ கட்டுப்போடுவேன். நிம்மதியாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் நிம்மதியாகத்தான் இருந்தது.

இவர் ஷெட்டிலிருந்து ஒரு ஆள்கூட என் வார்டுக்கு வந்ததில்லை. அதற்கு யாரும் சால்வை போர்த்தவில்லை. எப்படிச் சமாளித்தீர்கள் என்று ஒரு தடவை கேட்டேன். "சத்தத்தக் கேட்டு ஓடுறவன் ஃபோர்மேன் இல்ல. சத்தம் கேட்டுட்டா அப்புறம் ஓடி என்ன செய்ய? வெரலப் பாக்கணும். மருந்து செலுத்துற ஒவ்வொரு வெரலையும் பாத்துக்கிட்டே இருக்கணும். வெரல் தடுமாறுச்சுன்னா எந்திரிச்சுப் போயித் தண்ணி குடிச்சுட்டு வான்னு அனுப்பிரணும்" என்றார். அவருடைய மொத்த உத்தியோகமும் அதுதான்.

அப்படிப்பட்டவர் கையில், வீட்டு மாடியில், காக்காய்க்குக் காவல் இருந்த நேரத்தில் விபத்து. சுவரைப் பார்த்து உட்கார மாட்டாரா?

நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். அவர் காதுக்குப் பக்கத்தில் குனிந்து சொன்னேன்: "இத மூடலாம். மரம் ஈரத்தக் குடிச்சா விரியும். விரிஞ்சா வாய் தானா மூடும். அதுக்கப்புறம் ஒட்டிக்கிறலாம். அசனத்துக்கு இன்னும் நாள் இருக்கு."

"எதக் குடிக்கணும்?"

"ஈரம்!"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். வாழ்நாள் முழுக்க எதை வீட்டுக்குள் விடாமல் காத்தாரோ, அதை விருந்துக்கு அழைக்கச் சொல்கிறேன் என்று புரிந்துவிட்டது.

ஈரத்துக்குக் காவல்

விருதுநகரில், சித்திரையில், ஈரத்துக்கு எங்கே போவது? குழாயில் தண்ணீர் வருவதே முறை வைத்துத்தான். பின்பக்கத்துக் குளியலறையைக் காலி செய்தோம். சுவரோரம் நனைத்த சாக்கு. நாலு மூலையிலும் மண்பானைத் தண்ணீர். நடுவே முக்காலியில் கிட்டார். தண்ணீர் அதன் மேல் படவும் கூடாது, காற்றில் ஈரம் குறையவும் கூடாது.

பொறுப்பை அவரிடம் கொடுத்தேன். ஆள் எழுந்து உட்கார்ந்துவிட்டார். வாசலில் ஒரு கயிற்றைக் குறுக்கே கட்டினார். செருப்போடு உள்ளே வரக் கூடாது என்றார். எனக்கு மட்டும் அனுமதி, அதுவும் கையைத் துடைத்துக்கொண்டு. சாக்கு காய்கிறதா என்று எந்நேரமும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். குளிப்பதற்கு நாங்கள் செல்வி வீட்டுக்குப் போனோம்.

"ஏக்கா, குடிக்கத் தண்ணி இல்லாத ஊர்ல கிட்டாருக்குத் தனி பாத்ரூமா?" என்றாள் அவள்.

விஸ்வநத்தத்திலிருந்து அவருடன் வேலை பார்த்த கருப்பசாமி ஒருநாள் பார்க்க வந்தார். ஃபோர்மேன் சாக்குக்குத் தண்ணீர் தெளிப்பதைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அண்ணே, என்ன செய்றீக?"

"ஈரம் பத்தல" என்றார் இவர், திரும்பிப் பார்க்காமல்.

கருப்பசாமி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மதினி, அண்ணனுக்கு ஒடம்பு நல்லாத்தான இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கீறல் கொஞ்சம் மூடியது. ஆனால் முழுக்க மூடவில்லை. எங்கள் ஊர் அனல் கதவிடுக்கு வழியாக வந்து, அவர் தெளித்ததையெல்லாம் குடித்துவிட்டுப் போனது. அசனம் நெருங்கிக்கொண்டிருந்தது. லில்லி போன் செய்து, "என்னடி, ஆபரேஷன் முடிஞ்சுச்சா?" என்று கேட்டாள். "அப்சர்வேஷன்ல இருக்கு" என்றேன். பொய் இல்லை.

கோடைமழை

ஒரு சாயங்காலம் திடீரென்று காற்று மாறியது. தெருப் புழுதி எழும்பியது. முதல் துளி தாழ்வாரத்து ஓட்டில் விழுந்ததும் தெருவே கூச்சல். "ஏலே, வத்தல அள்ளு!" "துணிய எடுத்தியா?" செல்வி மாடிக்கும் கீழுக்கும் ஓடினாள். நானும் காயப்போட்டிருந்ததை அள்ளப் பாய்ந்தேன்.

துணிமூட்டையோடு கீழே வந்து பார்த்தால் குளியலறையில் கிட்டாரும் இல்லை, அவரும் இல்லை.

பின்வாசல் தாழ்வாரத்தில், சாரல் படாத தூரம் பார்த்து ஸ்டூல் போட்டு, கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே மழை கொட்டியது. மழை என்றால் சரக்கை அணைத்துக்கொண்டு உள்ளே ஓடிய மனுஷன், சரக்கை அணைத்துக்கொண்டு வெளியே வந்து உட்கார்ந்திருக்கிறார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

நான் பக்கத்தில் போய் நின்றேன். மெதுவாகச் சொன்னார். அவர் மெதுவாகப் பேசுவதே அபூர்வம்.

"மழ வரணும்னு ரெண்டு நாளா ஜெபம் பண்ணேன். வாழ்நாள்ல மொதத் தடவ. கருப்பசாமிட்டச் சொல்லிராத. தெரிஞ்சா விஸ்வநத்தத்துல என்னைய ஊருக்குள்ள விடமாட்டானுக."

மறுநாளும் தூறல் விடவில்லை. ஊரெல்லாம் சரக்கு காயவில்லை என்று சபித்துக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் கீறல் மூடிவிட்டது. விரலை வைத்துத் தடவினால் தெரியவில்லை.

சிரிஞ்சில் வஜ்ஜிரம் ஏற்றி, கோட்டின் நீளத்துக்கு இறக்கினேன். பல் டாக்டர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே, உள்பக்கம் குறுக்கே சின்னச் சின்ன மரத்துண்டுகளை ஒட்டினேன். பிரிட்ஜைத் திரும்ப உட்கார வைத்துக் கிளாம்பு போட்டேன். நிழலில், வீட்டுக்குள், கட்டிலில் வைத்தேன். அவர் அதைச் சுற்றியும் கயிறு கட்டிவிட்டார்.

காய்ந்த பிறகு கம்பி மாட்டினேன். கழுத்தை ஒட்டித் தாழ்ந்து நின்றது. கோடு மட்டும் மெல்லிசாகத் தெரிந்தது. அதை மறைக்க நான் மெனக்கெடவில்லை. தையல் போட்ட இடம் தெரியத்தான் செய்யும்.

ரெண்டு பேருக்கும் ஒரே பக்கம்

மல்லாங்கிணற்றுக்கு நாங்கள் இரண்டு பேரும் போனோம். பஸ்ஸில் அவர் உதடு அசைந்துகொண்டே வந்தது. லில்லியின் வீட்டுக்குள் நுழைந்ததும், உட்காரக்கூட இல்லை.

"சிஸ்டர், ஒங்க கிட்டாருக்கு எங்க வீட்ல வச்சு ஒரு விபத்து ஆகிப்போச்சு. மேல ஒரு கீறல். ஃபோர்மேன் நான்தான். முழுப் பொறுப்பும் என்னதுதான்" என்றார், தெருமுனை வரை கேட்கும்படி.

லில்லி கிட்டாரை மடியில் வாங்கினாள். வலது கையால் கோட்டைத் தடவினாள்.

"இடப்பக்கமாண்ணே?"

"ஆமா."

"எனக்கும் அதே பக்கந்தான். எப்படிச் சரி பண்ணீக?"

நான் சொன்னேன். ஈரச்சாக்கு, மண்பானை, மழை எல்லாம். லில்லி முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப என்னையும் ஒரு வாரம் ஒங்க பாத்ரூம்ல வச்சுப் பாருங்கண்ணே" என்றாள்.

இவருக்கு அது கேட்கவில்லை. மன்னித்துவிட்டாள் என்று மட்டும் தெரிந்துகொண்டு, அப்போதுதான் உட்கார்ந்தார். அவள் இடது கையைத் தூக்கிக் கிட்டாரின் கழுத்தில் வைத்தாள். முதல் கார்டு வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவதற்கு மோதிர விரல் கம்பி மேல் போய்ப் படுத்துக்கொண்டது. அழுத்தவில்லை.

"வரும். இன்னும் நாள் இருக்குல்ல" என்றாள். நாள் அதிகம் இல்லை.

அசனம்

கோயில் வளாகத்தில் பெரிய பெரிய அண்டாக்களில் சோறு வெந்துகொண்டிருந்தது. கறிக்குழம்பு வாசனையில் பிரசங்கம் யாருக்கும் ஏறவில்லை. லில்லிக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டு, அதற்குப் பக்கத்தில் கைக்குட்டையோடு நாலு பெண்கள் தயாராக நின்றார்கள். இரக்கப்படுவதற்கு எங்கள் சபையில் ஆள் பஞ்சமே கிடையாது.

அவள் கிட்டாரை எடுத்ததும் பேச்சு நின்றது.

முதல் அடி நன்றாக வந்தது. மூன்றாவது கார்டு வருகிற இடத்தில் கம்பி நரநரவென்று சத்தம் போட்டது. நிறுத்தினாள். திரும்ப ஆரம்பித்தாள். மறுபடியும் அதே இடத்தில் அதே நரநர. கைக்குட்டைகள் எழும்பின. ஷீலா வேகமாக எழுந்தாள்.

"ஒக்காரு" என்றாள் லில்லி, வார்டில் நோயாளியை அதட்டுகிற அதே குரலில். பிறகு சபையைப் பார்த்து, "சும்மா பாத்துக்கிட்டு இருந்தா எப்படி? பாடுங்க எல்லாரும்" என்றாள்.

பாடினார்கள். அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தவர்களும் கரண்டியோடு வந்து பாடினார்கள். ஊரே சேர்ந்து எடுத்த குரலில் கிட்டார் சத்தம் அமுங்கிப்போனது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, பார்க்கவும் முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். மூன்றாவது கார்டு வந்ததா, வரவில்லையா என்று எனக்குத் தெரியாது. பாட்டு முடிந்து நான் நிமிர்ந்தபோது லில்லி வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தாள். யாரும் அவளுக்காகக் கண்ணை மூடி ஜெபிக்கவில்லை. பந்தியில் முதல் இலை போட்டார்கள். கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவளும் சொல்லவில்லை, இரண்டாவது தடவை கறி வாங்கிச் சாப்பிட்டாள்.

கிளம்பும்போது இவர் ஷீலாவிடம் கிட்டாரை உறையில் போட்டுக் கொடுத்து, உள்ளே ஒரு சோப்பு டப்பாவில் ஈரப் பஞ்சும் வைத்து, "வெயில்ல மட்டும் காட்டிராதம்மா. காஞ்சா போச்சு" என்று பாடம் நடத்தினார். அந்த வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்க நான் உயிரோடு இருந்தேனே என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மல்லாங்கிணறு தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"கடைசி அடியில மோதிர வெரல் நல்லா அமுங்கிருச்சு" என்றார்.

நான் அவர் காதருகே குனிந்து கத்தினேன். "எங்களுக்கே கேக்கல. ஒங்களுக்கு எப்படிக் கேட்டுச்சு?"

"எனக்கு என்னத்தக் கேக்கும்? நான் ஆரம்பத்துல இருந்து வெரலத்தான பாத்துக்கிட்டிருந்தேன்."